பலவழி மரபுரிமம் உள்ள கிளாஸ்களைப் புதியவர்களுக்குப் புரியும்படி ஆவணப்படுத்துவது எப்படி?

கல்லூரி முடித்து வந்த இருவரிடம் ஒரு பைத்தான் நிரலை ஒப்படைக்க வேண்டும், கிளாஸ் (தரவையும் அதன் செயல்களையும் சேர்த்து எழுதும் அச்சு) படிநிலையைப் படமாக வரைந்து கொடுத்தும் ஒரு கிளாஸுக்கு இரண்டு தாய் கிளாஸ்கள் வரும் இடத்தில் விழுந்துவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள்மேல் குறை இல்லை. படம்தான் பாதியைச் சொல்லாமல் விடுகிறது.

நானும் படத்தை நம்பிக் கெட்டவன்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கருவி தானாக வரைந்து தந்த 14 பக்கங்களை அச்சிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "அம்பு ஏன் மேல்நோக்கிப் போகிறது?" என்று கேட்டார். நிரல்களைப் படமாக வரையும் யு.எம்.எல். முறையின் வழக்கப்படி அம்பு சேய் கிளாஸில் தொடங்கித் தாய் கிளாஸில் முடியும். மேலிருந்து கீழே ஏதோ இறங்கி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது தலைகீழாகத்தான் தெரியும். படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வம்பு, தாத்தா, அப்பா, பேரன் உவமை. தமிழ்வழிப் பாடநூலில் கிளாஸை இனக்குழு என்றும், ஒரு கிளாஸ் தாய் கிளாஸிடமிருந்து செயல்களைப் பெறுவதை மரபுரிமம் என்றும் படித்தவர்களுக்கு இந்த உவமை உடனே ஒட்டிக்கொள்கிறது. பிறகு, "அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி வருமா?" என்று கேட்பார்கள். பாதியெல்லாம் இல்லை, இரண்டு பக்கமும் முழுதாக வரும். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் மெதட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்) இருந்தால் எது முதலில் என்பதே கேள்வி. உங்கள் ஆவணம் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காசிமேடு பக்கம் என்பதால் படகைத்தான் எடுத்துக்கொள்வேன். மேலே 'படகு' என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து 'மீன்பிடிப்படகு', 'இயந்திரப்படகு' என்று இரண்டு. அந்த இரண்டின் பெயரையும் இதே வரிசையில் அடைப்புக்குறிக்குள் எழுதி, அவற்றிலிருந்து 'விசைப்படகு'. நான்கில் மேலே உள்ள மூன்றிலும் 'புறப்படு' என்று ஒரு மெதட் உண்டு. மீன்பிடிப்படகு 'ஐஸ் ஏற்றியாயிற்று' என்று அச்சிட்டுவிட்டு சூப்பரை (அதே மெதட்டை வேறொரு கிளாஸில் ஓட்டச் சொல்லும் பைத்தான் கட்டளை) அழைக்கும். இயந்திரப்படகு 'டீசல் போட்டாயிற்று' என்று அச்சிட்டுவிட்டு சூப்பரை அழைக்கும். படகு 'கயிறு அவிழ்த்தாயிற்று' என்பதோடு முடித்துக்கொள்ளும்.

விசைப்படகைப் புறப்படச் சொன்னால் ஐஸ், டீசல், கயிறு என்று வரும். மாணவர்கள் திகைப்பது இங்கேதான். மீன்பிடிப்படகின் தாய் படகுதானே, அதன் சூப்பர் நேராகக் கயிற்றுக்குப் போகாமல் நடுவில் டீசல் எங்கிருந்து வந்தது? சூப்பர் என்றால் 'என் தாய்' என்று பொருள் இல்லை, 'வரிசையில் எனக்கு அடுத்தவர்' என்று பொருள். விசைப்படகின் வரிசையில் மீன்பிடிப்படகுக்கு அடுத்து நிற்பது அதன் உடன்பிறப்பு. மரப்படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. சூப்பரை விட்டுவிட்டு ஒவ்வொரு தாயையும் பெயர் சொல்லி அழைத்தால் ஐஸ், கயிறு, டீசல், கயிறு என்று வரும். அவிழ்த்த கயிற்றையே மறுபடி அவிழ்ப்பார்கள்.

அன்று ஒரு மாணவன் கையைத் தூக்கினான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். "அண்ணா, முதலில் டீசல்தான் போடுவார்கள். ஐஸைக் கடைசியில்தான் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் கரைந்துவிடும்." அவனையே வந்து திருத்தச் சொன்னேன். விசைப்படகின் அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினான், அவ்வளவுதான். டீசல், ஐஸ், கயிறு என்று வந்தது. மெதட்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இந்த வரிசையைக் கணக்கிடும் முறைக்கு சி3 என்று பெயர். 2003இல் வந்த பைத்தான் 2.3 முதல் இருக்கிறது. புதியவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஹெல்ப் என்று கேட்டால் பைத்தானே வரிசையை அச்சிட்டுக் காட்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு கிளாஸின் அடைப்புக்குறிக்குள் தாயான படகை முன்னால் எழுதி அதன் சேயான இயந்திரப்படகைப் பின்னால் எழுதினால் அந்த கிளாஸை உருவாக்கவே பைத்தான் மறுத்துவிடும் என்பதையும் ஒருமுறை செய்து காட்டுங்கள். ஜாவாவிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் புதிது, அங்கே கிளாஸுக்கு ஒரே தாய் கிளாஸ்தான். சி பிளஸ் பிளஸ் படித்தவர்களிடம் உள்ளீடு, வெளியீட்டுக்கான ஐயோஸ்ட்ரீம் கிளாஸை நினைவூட்டினால் போதும், அதுவும் மேலே ஒன்று, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என்ற இதே வைர வடிவம்தான்.

ஆவணத்தை மேலிருந்து எழுதிக்கொண்டு வராதீர்கள். நிரலில் ஆப்ஜெக்ட் உருவாகிற கடைசி கிளாஸிலிருந்து தொடங்குங்கள். அந்த மாணவன் விசைப்படகுக்கு எழுதிய டாக்ஸ்ட்ரிங்கை (கிளாஸுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பு) அப்படியே தருகிறேன்:

"இயந்திரப்படகு, மீன்பிடிப்படகு இரண்டிலிருந்தும் வருகிறது. புறப்படு: டீசல், ஐஸ், கயிறு. இது தாய்களின் பெயரை எழுதிய வரிசையால் வருகிறது, மாற்ற வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் புறப்படாது. இந்தச் சோதனை இங்கே மட்டும்தான் இருக்கிறது, தாய்களில் தேடாதீர்கள்."

எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் நடக்கும், இங்கே புதிதாக என்ன என்ற மூன்றும் ஐந்து வரியில் அடங்கிவிட்டன. தடைக்காலம் கட்டுமரத்துக்குக் கிடையாது என்பதால்தான் அதைப் படகு கிளாஸில் வைக்கவில்லை என்று அவனே விளக்கினான். அந்தக் காரணத்தையும் எழுதச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

ஆவணம் பழசாகிப் பொய் சொல்லும் என்ற பயம் இருந்தால், எதிர்பார்க்கும் வெளியீட்டை டாக்ஸ்ட்ரிங்குக்குள்ளேயே எழுதி, அதை உண்மையான வெளியீட்டோடு ஒப்பிடும் டாக்டெஸ்ட் என்ற பைத்தான் கருவியால் ஓட்டுங்கள். போன மாதம் வேறொருவன் தாய்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்குகிறேன் என்று எல்லா கிளாஸ்களிலும் கை வைத்தான். 'இ'க்குப் பிறகுதான் 'மீ' என்பதால் விசைப்படகு தப்பியது. வேறு இரண்டு கிளாஸ்கள் மாட்டிக்கொண்டன, எந்த வரி மாறியது என்பதை டாக்டெஸ்ட் அந்த நிமிடமே காட்டிக்கொடுத்தது.