பதில்: மின்னலே இல்லை, ஆனாலும் டிவியும் ஃப்ரிட்ஜ் போர்டும் எரிந்தன. சர்ஜ் புரொடெக்டர் போட்டால் போதுமா?

போதாது. ஒரு அறையில் விளக்கு மங்க, அடுத்த அறையில் கண் கூசும்படி எரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் அது நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பும் ஒயர்) தளர்ந்ததன் அடையாளம். நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் ஏறி 400 வரைகூடப் போகும். சர்ஜ் புரொடெக்டர் மைக்ரோவினாடிகளில் வந்துபோகும் பாய்ச்சலுக்கானது; நிமிடக்கணக்கில் 350 வோல்ட் நின்றால் அதிலுள்ள, பாய்ச்சலை உள்வாங்கும் பாகமான வேரிஸ்டரே சூடேறி எரியும்.

முதலில் மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெயின் போர்டின் நியூட்ரல் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியமும் செம்பும் நேரடியாக முறுக்கியிருந்தால் இரண்டு உலோகங்களையும் இணைக்கும் பைமெட்டல் லக் (ஒயர் முனை) போட வேண்டும். பழைய போர்டில் நியூட்ரலிலும் ஃப்யூஸ் கேரியர் இருக்கலாம். அதை எடுத்துவிட்டு நேர் லிங்க் (ஃப்யூஸ் இல்லாத நேரடி இணைப்பு) போடச் சொல்லுங்கள். மீட்டரையும் கம்பத்தையும் நீங்கள் தொடவே வேண்டாம், மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். அறுந்த நியூட்ரலிலும் ஷாக் அடிக்கும்!

அடுத்து, நியூட்ரல் துண்டிப்பையும் கண்டறியும் மூன்று ஃபேஸ் வோல்டேஜ் ரிலேயும், அது சொன்னதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் நான்கு முனை கான்டாக்டரும் வையுங்கள். மேல் வரம்பு 270 வோல்ட், கீழ் வரம்பு 180. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்காகத் திரும்ப இணையும் தாமதம் 3 நிமிடம்.

மின்னலுக்காக டைப் 2 (போர்டில் பொருத்தும் வகை) சர்ஜ் புரொடெக்டரும் வையுங்கள், அதற்கு முன்னால் தயாரிப்பாளர் சொன்ன அளவு எம்.சி.பி.யோடு (தானே துண்டிக்கும் ஸ்விட்ச்). ஃபேஸிலிருந்து எர்த் பார் (எர்த் ஒயர்கள் சேரும் உலோகப் பட்டை) வரை சர்ஜ் புரொடெக்டரின் ஒயர் மொத்தம் 50 செ.மீ.க்குள் இருக்கட்டும், ஒயர் நீண்டால் பாதுகாப்பு குறையும்.