சிப்பிக்குத் தடுப்பூசி போட முடியுமா?

கேள்வி: ஆன்டிபாடியே (கிருமியைப் பிடிக்க நம் உடல் செய்யும் புரதம்) இல்லாத சிப்பிகள் கிருமிகள் நிறைந்த கடல்நீரில் எப்படிப் பிழைக்கின்றன? வளர்ப்புச் சிப்பிகளுக்குத் தடுப்பூசி போட முடியுமா?

மலேசியாவில் கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த புக்கிட் ரோத்தானில் ஒரு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. கடல் உயிரியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஒரு முறை எனக்கும் வந்தது, இரவுச் சந்தையில் அம்மா ஒரு கிலோ கெராங் (இரத்தச் சிப்பி) வாங்கி வந்த அன்று.

ஒன்றைக் கத்தியால் பிளந்தபோது சிவப்பாக வழிந்தது. பெரும்பாலான சிப்பிகளின் இரத்தத்துக்கு நிறம் கிடையாது. கெராங்கில் நமக்கு இருப்பது போல ஹீமோகுளோபின் இருக்கிறது. படிக்கும் காலத்தில் வாங்கிய பழைய நுண்ணோக்கியை எடுத்தேன். "குழம்புக்கு வாங்கியதை ஏன் கெடுக்கிறாய்?" என்றார் அம்மா. ஒரு சொட்டுதானே என்றேன்.

நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, கெராங்கின் சிவப்பணுவில் இருக்கிறது. அதைவிட என்னைக் கட்டிப்போட்டவை இடையே கிடந்த வெளிறிய அணுக்கள். சற்று நேரத்தில் அவை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போலப் பரவி, ஓரங்களில் கால் நீட்டின. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அவைதான்.

சிப்பியின் இரத்தம் குழாய்களுக்குள்ளேயே அடங்கி ஓடுவதில்லை. இதயம் தள்ளிவிட்டதும் திசுக்களின் இடுக்குகளில் கசிந்து பரவுகிறது. அதனால் இந்த அணுக்கள் உடலெங்கும் ஊர்ந்து திரிகின்றன. கிருமியைக் கண்டால் விழுங்கி, லைசோசைம் போன்ற நொதிகளாலும் ஆக்சிஜனிலிருந்து உருவாகும் நச்சுகளாலும் கொல்கின்றன. விழுங்க முடியாத அளவு பெரியது என்றால் கூடிச் சூழ்ந்து அடைத்துவிடுகின்றன. 1882இல் ரஷ்ய விலங்கியலாளர் மெட்ச்னிகாஃப் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்தி, அணுக்கள் அதைச் சுற்றி மொய்ப்பதைக் கண்டார் அல்லவா, அதே வேலைதான். அந்தச் சிந்தனைக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, கிருமியை அடையாளம் காண்பது எப்படி? நம் உடல் புதிய கிருமி வந்த பிறகு அதற்கென்று சாவி செய்து, அதன் அச்சைப் பத்திரப்படுத்தி வைக்கிறது. சிப்பி பிறக்கும்போதே பெரிய சாவிக்கொத்தோடு பிறக்கிறது. பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுப்பு 2012இல் வெளியானபோது, கிருமியை அடையாளம் காண உதவும் சி1க்யூ என்ற புரத வகைக்கு மட்டும் 300க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. மனிதனுக்கு முப்பது சொச்சம்தான். சிப்பியை எளிய பிராணி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தக் காவலை ஏமாற்றுகிற கிருமியும் உண்டு. அமெரிக்கச் சிப்பிகளைத் தாக்கும் பெர்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி, விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் பெருகுகிறது. சிறைக்குள் போய்ச் சிறைக்காவலனையே தின்கிற கதை.

தடுப்பூசிக்கு வருகிறேன். ஆன்டிபாடி செய்யும் அணுக்கள் இல்லாததால் நாம் போட்டுக்கொள்கிற மாதிரியான ஊசி பலிக்காது. ஆனால் 2008 முதல் பிரான்சில் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் இளஞ்சிப்பிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதை அடுத்து ஆய்வாளர்கள் வேறொன்றை முயன்றார்கள். வைரஸ்கள் பெருகும்போது உருவாகும் ஆர்.என்.ஏ.வைப் போலச் செயற்கையாகச் செய்த ஒரு பொருளை முன்கூட்டியே செலுத்தினால், பின்னர் உண்மையான வைரஸ் வரும்போது பிழைப்பவை அதிகமாக இருந்தன. இதை நினைவாற்றல் என்பதா? எச்சரிக்கை மணி அணையாமல் ஒலித்துக்கொண்டே இருப்பது என்றுதான் நான் சொல்வேன். எப்படியானாலும், லட்சக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி குத்த எந்த வளர்ப்பாளருக்கும் கட்டுப்படியாகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிப்பி நலமாக இருப்பதால் அது நமக்குச் சுத்தமானது என்று ஆகாது. 1988இல் ஷாங்காயில் அரைவேக்காட்டுக் கெராங் வகைச் சிப்பியைத் தின்று சுமார் 3,00,000 பேருக்கு ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் நோய் வந்தது. மனிதனுக்கான அந்த வைரஸ் சிப்பியை ஒன்றும் செய்யவில்லை. கடல்நீரை வடிகட்டித் தின்கிற போக்கில் அதைத் தன் குடலில் சேர்த்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அம்மா அன்று மீதிக் கெராங்கை நன்றாகக் கொதிக்கவிட்டார். ரப்பர் மாதிரி இருக்கிறது என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். குவே தியாவ் (அரிசி நூடுல்ஸ்) கடையில் கடைசி நொடியில் கெராங்கைத் தூவிப் புரட்டுவார்கள். நான் "கெராங் வேண்டாம்" என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.