ஜாயினில் லைக் எழுதும்போது வரிகள் வராததற்குக் காரணம்

வணக்கம். பொருள் அட்டவணையின் விவரத்துக்குள், சொல் அட்டவணையில் இருக்கும் ஏதாவது ஒரு சொல் வருகிறதா என்று ஜாயினில் (இரண்டு அட்டவணைகளை இணைக்கும் எஸ்கியூஎல் கட்டளை) லைக் (எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) போட்டுத் தேடுகிறீர்கள். பிழைச் செய்தி இல்லை, ஆனால் ஒரு வரிகூட வரவில்லை. சிக்கல் மேற்கோள்குறியில்தான். '%சொல்.பெயர்%' என்று எழுதினால் டேட்டாபேஸ் அந்த எழுத்துகளையே தேடும். நெடுவரிசையின் மதிப்பை எடுக்காது. எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்தும் சதவீதக் குறியை மட்டும் மேற்கோளுக்குள் வைத்து, நெடுவரிசையை இரட்டைக் கோட்டால் ஒட்டுங்கள்:

பொருள்.விவரம் லைக் '%' || சொல்.பெயர் || '%'

போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் இரண்டிலும் இது ஓடும். மைஎஸ்கியூஎல்லில் அந்த இரட்டைக் கோட்டுக்கு வழக்கமாக 'அல்லது' என்று பொருள், அதனால் அங்கே ஒட்டுவதற்கு கான்கேட் ஃபங்ஷன்தான்.

ஓட்டுவதற்கு முன் சொல் அட்டவணையில் காலியான பெயர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இருந்தால் தேடல் '%%' ஆகி, விவரம் உள்ள எல்லா வரிகளோடும் பொருந்திவிடும். நானே இதில் மாட்டி அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். சொல்லில் அடிக்கோடு இருந்தாலும் கவனம், லைக்கில் அது எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும்.

அப்புறம், 'கல்' என்று தேடினால் 'கல்வி'யும் வரும். ஒரே விவரத்தில் சொல் அட்டவணையின் 3 சொற்கள் இருந்தால் அந்தப் பொருள் 3 முறை வரும். இருக்கிறதா என்பது மட்டும் போதுமென்றால் ஜாயினை விட்டு எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரி ஒன்றாவது உண்டா என்று மட்டும் பார்ப்பது) எழுதுங்கள்.

முன்னால் சதவீதக் குறி இருப்பதால் தேடலை வேகமாக்கும் சாதாரண இன்டெக்ஸ் இங்கே உதவாது. அட்டவணைகள் பெரியவை என்றால், ஒருமுறை பொருத்திப் பார்த்து, பொருள் எண்ணையும் சொல் எண்ணையும் மூன்றாவது அட்டவணையில் சேமியுங்கள். பிறகு எண்களை வைத்தே இணைக்கலாம். நான் அதைத்தான் செய்வேன்.