கதிரை நிறுத்துங்கள், நூல் வரும்

கேள்வி: கைக்கதிரில், அதாவது வட்டு கோத்த குச்சியைத் தொங்கவிட்டுச் சுழற்றி, கம்பளி நூல் நூற்கப் பழகி மூன்று வாரம் ஆகிறது. கதிரைச் சுழற்றிவிட்டு நாரை இழுப்பதற்குள் இழை அறுந்து கதிர் தரையில் விழுந்துவிடுகிறது. ஒரு முழம்கூட ஒழுங்காக வரவில்லை. என் கை இதற்கு ஆகாதோ?

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த தடவை கதிர் விழுந்ததும் உடனே எடுத்துச் சுற்றாமல், அறுந்த முனையை உற்றுப் பாருங்கள். முனை துடைப்பம்போல விரிந்து நார்கள் தனித்தனியாகத் தெரிகிறதா? அப்படியென்றால் எந்த நாரும் அறவில்லை. முறுக்குப் போதாமல் ஒன்றைவிட்டு ஒன்று வழுகிப் பிரிந்திருக்கின்றன. முனை இறுகிச் சுருண்டிருந்தால் முறுக்கு மிஞ்சி, மெலிந்த இடத்தில் வெடுக்கென்று அறுந்திருக்கிறது. புதிதாகப் பழகுபவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகைதான்.

சுழற்றிவிட்ட பிறகும் முறுக்கு ஏன் போதவில்லை? கதிர் திரும்பிச் சுற்றுவதால்தான். வேகம் குறைந்து ஒரு கணம் நிற்கும்; அப்புறம் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கி, ஏற்றிய முறுக்கைத் தானே பிரித்துவிடும். உங்கள் கண் அந்த நேரம் மேலே நாரில் இருப்பதால் இது தெரியாது. வட்டின் விளிம்பில் மையால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். புள்ளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓரக்கண்ணிலேயே பிடிபட்டுவிடும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அதுவரை நார் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். சுழற்றுவது ஒரு வேலை, நார் இழுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாற்காலியில் உட்காருங்கள். கதிரில் அரை மீட்டர் அளவுக்கு ஏதாவது சொரசொரப்பான கம்பளி நூலைக் கட்டி, அதன் நுனியைப் பிரித்து நாரோடு நாலு விரல் அளவு சேர்த்துப் பிடியுங்கள். கதிரை வலப்பக்கமாக நன்றாகச் சுழற்றுங்கள். முறுக்கு ஏறியதும் கதிரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி நிறுத்திவிடுங்கள். இனி கதிர் விழாது, திரும்பிச் சுற்றவும் செய்யாது.

கீழ்க்கை விரல்கள் நூலைக் கிள்ளிப் பிடித்திருக்கட்டும். அந்தக் கிள்ளல்தான் முறுக்கு மேலே ஏறாமல் தடுக்கும் கதவு. மேல்கை நாரை லேசாகத் தாங்கியிருக்க, கீழ்க்கையால் ஒரு விரற்கடை இழுங்கள். இரண்டு கைக்கும் நடுவில் நார்கள் முக்கோணமாக விரிந்து மெலிவது தெரியும். வேண்டிய அளவு மெலிந்ததும் கிள்ளிய விரலை நூலோடு மேலே நகர்த்துங்கள். முறுக்கு சரசரவென்று ஏறி, பஞ்சுபோல இருந்தது கண்ணெதிரே நூலாக இறுகும். இத்தனை வருடம் கழித்தும் நான் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று பார்க்கிறேன்.

நார் நகர மறுத்தால் கைகள் நெருக்கமாக இருக்கின்றன என்று அர்த்தம். நார்க்கட்டிலிருந்து ஒற்றை நாரை உருவி அளந்து பாருங்கள். பத்து சென்டிமீட்டர் இருந்தால் கைகளுக்கு நடுவே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நாரின் இரண்டு நுனியையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். பலமாக இழுத்துப் பயனில்லை.

சேர்த்த முறுக்கு தீர்ந்ததும் மறுபடி சுழற்றி, மறுபடி இடுக்குங்கள். கை நீளத்துக்கு நூல் சேர்ந்ததும் கதிரில் சுற்றி வையுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு நாள் இடுக்க மறந்துபோவீர்கள், கதிர் தொங்கியபடியே சுற்றிக்கொண்டிருக்கும், நூலும் வந்துகொண்டிருக்கும். அதுவரை நிறுத்தி நிறுத்தியே நூற்று வாருங்கள்.

கேள்வி: அதே கதிரில் பருத்திப் பஞ்சை நூற்றால் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: பருத்தி இழையின் நீளம் பொதுவாக இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். அவ்வளவு குட்டை இழை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முறுக்கு மிக அதிகமாக வேண்டும். அந்த முறுக்கு ஏறுவதற்கு முன்பே கனமான கதிர் தொங்கினால் வழுகிவிடும். பருத்திக்குத் தக்ளி என்ற சிறு கம்பிக் கதிர்தான் தோது. அதன் கூர்முனையை ஒரு சிறு கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுவதால் எடை நூலின்மேல் விழாது. சன்னமான கம்பி என்பதால் வேகமும் கூடுதல். ஆனால் கம்பளியில் கை பழகிய பிறகு பருத்திக்கு வாருங்கள் என்பதே என் யோசனை.

கேள்வி: கதிர் வாங்காமல் நானே செய்யலாமா?

பதில்: தாராளமாக. இரண்டு பழைய சிடிக்களை ஒன்றாக வைத்து, விரல் பருமனுள்ள நேரான குச்சியில் கோத்துவிடுங்கள். நடு ஓட்டை பெரிதாக இருக்கும். குச்சியில் ரப்பர் பேண்ட் சுற்றி இறுக்கலாம். மேல்முனையில் ஒரு திருகுக் கொக்கி. சிடி ஒன்று சுமார் 15 கிராம் என்பதால் குச்சியோடு சேர்த்து 40 கிராமுக்குப் பக்கத்தில் வரும். பழகுவதற்கு அது நல்ல எடை. கொக்கி நட்டநடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிர் தள்ளாடும்.

கேள்வி: நூற்ற நூலைக் கழற்றினால் பாம்புபோலச் சுருண்டு தன்னோடு தானே திருகிக்கொள்கிறது. பாழாகிவிட்டதா?

பதில்: இல்லை, முறுக்கு உயிரோடு இருக்கிறது. புது நூல் அப்படித்தான் துள்ளும். திருகிக்கொண்ட அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள், இரண்டு இழை சேர்ந்தால் நூல் எப்படி இருக்கும் என்று அதுவே காட்டுகிறது. வலப்பக்கமாக நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து, கதிரை இடப்பக்கமாகச் சுழற்றி இருபுரியாக முறுக்கினால் துள்ளல் பெரும்பாலும் அடங்கிவிடும். மேடுபள்ளமும் குறையும். ஒன்றின் மெல்லிய இடத்துக்கு மற்றதன் தடித்த இடம் துணைநிற்கும்.

அப்புறம் நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். கம்பளியைத் தேய்க்கவோ கசக்கவோ வேண்டாம், ஒட்டிக் கெட்டியாகிவிடும். துண்டில் வைத்து அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் சிட்டம் நேராகத் தொங்கினால் முறுக்கு சரியாக அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் திருகித் தொங்கினால், அடுத்த சிட்டத்துக்கு இருபுரி முறுக்கைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.