'புத்தம் புதுசு போல' இருக்கும் பழைய படேக்: வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கே பழைய கைக்கடிகாரங்கள் விற்கும் ஒருவரிடம் 1960-களின் படேக் ஃபிலிப் (சுவிஸ் கம்பெனி) 3448 மாடல் ஒன்றைப் பார்த்தேன். மஞ்சள் தங்கம், பெர்பெச்சுவல் காலண்டர், கீழே பிறைகளைக் காட்டும் நிலவு வட்டம். டயலைச் சுத்தம் செய்து, கேஸை பாலிஷ் போட்டு 'புத்தம் புதுசு போல' ஆக்கியிருப்பதாகச் சொன்னார். கம்பெனி ஆவணக் காப்பகத்தின் சான்றும் இருக்கிறது. நொடிமுள்கூட இல்லாத கடிகாரத்துக்கு ஒரு ஃபிளாட்டின் விலை கேட்கிறார். அப்படி இதில் என்ன இருக்கிறது? வாங்கலாமா?

பதில்: கடிகாரம் அருமையானதுதான். ஆனால் அவர் பெருமையாகச் சொன்ன அந்தச் சுத்தமும் பாலிஷும்தான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரணத் தேதிக் கடிகாரம் எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்றே நினைத்துக்கொண்டு ஓடும். பெர்பெச்சுவல் காலண்டருக்கு 30 நாள் மாதம் தெரியும், பிப்ரவரி தெரியும், லீப் வருடமும் தெரியும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றும் ஒரு சக்கரம், அதில் 48 மாதங்கள். 31 நாள் மாதத்துக்குப் பள்ளம் இல்லை, 30 நாள் மாதத்துக்கு ஆழமில்லாத பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். நான்கில் ஒரு பிப்ரவரிக்கு மட்டும் ஆழம் கொஞ்சம் குறைவு. ஒரு நெம்புகோலின் நுனி அந்தப் பள்ளத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, அதற்கேற்ப மாதக் கடைசியில் தேதி தாவும். நூறால் வகுபட்டும் நானூறால் வகுபடாத 2100 லீப் வருடம் இல்லை என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்த வருடம் மார்ச் 1-ஆம் தேதி உங்கள் பேரனோ கொள்ளுப்பேத்தியோ கையால் திருத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டை லண்டனில் தாமஸ் மட்ஜ் 1760-களிலேயே பாக்கெட் கடிகாரத்தில் செய்துவிட்டார். மணிக்கட்டுக்கு வரத்தான் அவ்வளவு காலம் பிடித்தது. படேக் ஃபிலிப் 1925-இல் முதல் பெர்பெச்சுவல் காலண்டர் கைக்கடிகாரத்தைச் செய்தபோது, பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரத்துக்காக 1898-இல் செய்து வைத்திருந்த இயந்திரத்தைத்தான் அதற்குள் வைத்தார்கள். வரிசையாகத் தயாரித்து விற்றது 1941-இல், 1526 என்ற மாடலாக. அதுவும் சாவி கொடுக்கும் கடிகாரம்தான். சாவி கொடுக்க மறந்து நின்றுவிட்டால் தேதி, கிழமை, மாதம், நிலவு எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பெர்பெச்சுவல், அதாவது 'என்றென்றும்' என்ற பெயருக்கே அர்த்தமில்லாமல் போகிறது அல்லவா?

1962-இல் வந்த 3448 அங்கேதான் முக்கியமாகிறது. தானாகவே சாவி ஏறும் பெர்பெச்சுவல் காலண்டர் கைக்கடிகாரத்தில், வரிசைத் தயாரிப்பாக வந்த முதல் மாடல் அது. 27-460 க்யூ என்ற இயந்திரம், கை அசைய அசையச் சுழன்று சாவி ஏற்றும் தங்க ரோட்டர். 37 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம், அந்தக் காலத்துக்குப் பெரிய சைஸ். 1980-களின் தொடக்கம்வரை மொத்தம் சுமார் 586 மட்டும். நொடிமுள் இல்லாததைக் குறை என்று நினைக்காதீர்கள். மேலே கிழமைக்கும் மாதத்துக்கும் இரண்டு ஜன்னல், கீழே தேதி வளையம், நடுவில் நிலவு. அந்த நெரிசலில்லாத முகத்துக்காகத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

அந்த முகத்தில்தான் உங்கள் வியாபாரி கை வைத்திருக்கிறார். இந்த டயல்கள் பலவற்றில் எழுத்து அச்சடித்ததல்ல. உலோகத்தில் செதுக்கி, எனாமல் நிரப்பி, சுட்டு எடுத்தவை. ஒரு முறை அழுத்தித் தேய்த்துச் சுத்தம் செய்தாலே மெல்லிய கோடுகள் போய்விடும். ஜெனீவாவை பிரெஞ்சில் எழுதும் 'ஷெனேவ்' (Genève) என்ற சொல்லில் எழுத்தின் மேலிருக்கும் சின்னக் கோட்டை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். முதலில் காணாமல் போவது அதுதான். கேஸிலும் இதே கதை. கூர்மையான விளிம்பு பாலிஷ் போடப் போட மழுங்கும், ஹால்மார்க் முத்திரை மங்கும், பட்டை கோக்கும் கால்கள் இளைக்கும். போன தங்கம் திரும்பி வராது. கீறலோடு, லேசாகப் பழுப்பேறிய டயலோடு இருக்கும் ஒன்று, உங்கள் பளபளப்பைவிட அதிகம் விலை போவது இதனால்தான்.

காப்பகச் சான்று வேண்டியதுதான். ஆனால் அது சொல்வது, இந்த எண் கொண்ட இயந்திரமும் கேஸும் எந்த ஆண்டு செய்து எப்போது விற்றார்கள் என்பதை. இப்போது உள்ளே இருக்கும் டயல் அதே டயல்தானா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. எனவே விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாட்ச் மெக்கானிக் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படங்களையும் கேளுங்கள். 'எதற்குங்க அதெல்லாம்' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எல்லாம் காட்டி, பாலிஷ் போட்டதற்கான விலைக்குறைப்பும் தந்தால், போட்டுக்கொள்ள வாங்கலாம். முதலீடாக என்றால் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருக்கும் பழைய பெர்பெச்சுவல் காலண்டர் பல வருடமாக நின்று கிடக்கிறது. நானே தேதி வைக்கலாமா?

பதில்: இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று, நான்கு மணிவரையான நேரத்தை முள் காட்டிக்கொண்டிருந்தால், தேதி திருத்தும் பட்டன்களைத் தொடவே தொடாதீர்கள். அந்த நேரத்தில் பற்கள் பிடித்துக்கொண்டிருக்கும், உடைந்தால் செலவு பயங்கரம். பழைய மாடல்கள் பலவற்றில் இது லீப் சுற்றின் எத்தனையாவது ஆண்டு என்று காட்டும் குறியே கிடையாது. 3448-இலும் இல்லை. 1981-இல் வந்த 3450-இல்தான் படேக் அதைச் சேர்த்தது. அதனால் எண்ணெய் மாற்றக் கொடுக்கும்போதே மெக்கானிக்கிடம் சுற்றையும் சரியாக வைத்துத் தரச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கொஞ்சம் குறைந்த விலையில் இதே வகைப் பழசு?

பதில்: 1985-இல் வந்த, ஐடபிள்யூசி என்ற சுவிஸ் கம்பெனியின் டா வின்சி. அதன் காலண்டர் இயந்திரம் குர்ட் கிளவுஸ் வடிவமைத்தது. எல்லாத் தேதிகளையும் பக்கவாட்டிலிருக்கும் ஒரே திருகியால் வைக்கலாம், ஆண்டை நான்கு இலக்கத்தில் காட்டும். ஆனால் முன்னால் மட்டும்தான் போகும். அவசரத்தில் நாலு நாள் தாண்டி வைத்துவிட்டால், கடிகாரத்தை நிறுத்திவிட்டு அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.