மிட்வே போரையே பேசிக்கொண்டிருக்கும் மகனுக்கு எந்த குரூப்?

பத்தாவது முடித்த மகன் சாப்பாட்டுத் தட்டிலும் மிட்வே போரைத்தான் வரைகிறான், பிளஸ் ஒன்னில் வரலாறு குரூப்தான் வேண்டும் என்கிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. போடும். ஆனால் அந்தப் போரைச் சொல்லும்போது எந்த இடத்தில் அவன் குரல் வேகமெடுக்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலில் அமெரிக்கா வசமிருந்த மிட்வே தீவருகே ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய போர் அது. 1942 ஜூன் 4 அன்று ஜப்பானின் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் தீக்கிரையாயின. நான்குமே ஆறு மாதம் முன்பு அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியவை. அமெரிக்கத் தரப்பில் போன விமானந்தாங்கி யார்க்டவுன் ஒன்றுதான்.

ஜப்பானியர் அடுத்துத் தாக்கப்போகும் இடத்துக்கு வைத்த 'ஏஎஃப்' என்ற சங்கேதப் பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கதையில் அவன் குஷியாகிறானா? மிட்வேயில் குடிநீர் இயந்திரம் பழுது என்று வேண்டுமென்றே வெளிப்படையாக வானொலியில் அறிவிக்க வைத்தார்கள். 'ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு' என்று ஜப்பானியச் சங்கேதச் செய்தி போனது. குட்டு உடைந்தது. இது பிடித்தவனுக்குக் கணிதம், கணினி அறிவியல், சைபர் பாதுகாப்பு.

முந்தைய பவளக் கடல் சண்டையில் அடிபட்டு வந்த யார்க்டவுனைச் சுமார் 72 மணி நேரத்தில் ஒட்டுப்போட்டு மீண்டும் கடலுக்கு அனுப்பியதையும், அதன் பெட்ரோல் குழாய்களில் கரியமில வாயுவை நிரப்பித் தீ பரவாமல் காத்ததையும் சொல்கிறானா? அவன் பொறியாளன். சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியலும் கப்பல் வடிவமைப்பும் பி.டெக். இருக்கிறது, ஜேஇஇ எழுத வேண்டும்.

'அம்மா, பழைய புத்தகத்தில் போட்டிருப்பது தப்பு' என்று வாதாடினால்தான் அவன் வரலாற்று ஆள். அமெரிக்க டைவ் பாம்பர்கள் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள்) பாய்ந்தபோது ஜப்பானியக் கப்பல்களின் மேல்தளங்களில் புறப்படத் தயாராக விமானங்கள் அணிவகுத்து நின்றன, ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று பல காலம் எழுதினார்கள். பிறகு ஜப்பானியக் கப்பல்களின் விமானப் பதிவேடுகளைப் படித்தவர்கள் பார்த்தால், தாக்குதல் விமானங்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்தன. மேலே காவல் விமானங்கள்தான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூல ஆவணங்களைப் பார்த்ததால் வந்த திருத்தம் இது. அவனை ஜப்பானிய மொழியில் சேர்த்துவிடுங்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5-இல் தொடங்கலாம். பட்டத்துக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்தியியல் துறை இருக்கிறது.

தேர்விலோ நேர்முகத்திலோ மிட்வேயின் முக்கியத்துவம் கேட்டால், 'அத்தோடு ஜப்பான் முடிந்தது' என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. போர் இன்னும் மூன்று வருடம் நடந்தது. அங்கே இறந்த ஜப்பானிய விமானிகளும் உடன் பறந்தவர்களும் சுமார் 110 பேர்தான். கைதேர்ந்த விமானிகள் பெருமளவில் மாண்டது அதற்குப் பின் பசிபிக்கின் குவாடல்கனால் தீவுப் பக்கம். மிட்வேயில் போனது கப்பல்களும், முந்திக்கொண்டு தாக்கும் வாய்ப்பும். 'தாக்கும் இடத்தை இனி ஜப்பான் தேர்ந்தெடுக்க முடியவில்லை' என்று எழுதினால் சரி.

கடைசியாக, கடற்படையிலேயே சேர வேண்டும் என்றால் வரலாறு குரூப் எடுக்க விடாதீர்கள். என்டிஏ-வில் (தேசிய பாதுகாப்பு அகாடமி) கடற்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும். ஆனாலும் 300 மதிப்பெண் கணிதத் தாளை எல்லாருமே எழுதியாக வேண்டும். பொதுத்திறன் தாள் 600, எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வு 900. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். தமிழில் கேள்வித்தாள் கிடையாது, அதனால் ஆங்கிலத்தை இப்போதே கவனியுங்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் கண் டாக்டரிடம் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் அது தெரிந்தால் இரண்டு வருட உழைப்பு வீண்.