பெய்ஜிங்கில் சிலை, பாலக்கோட்டில் தம்பி

கேள்வி: போன இதழில் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரி பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அமெரிக்காக்காரருக்குச் சீனாவில் சிலை வைத்தார்களா? நம்பவே முடியவில்லை. (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: நம்பலாம். 2012-ல், பெய்ஜிங்கில் அவர் ஆடிய அரங்கத்துக்கு வெளியிலேயே வைத்தார்கள். அந்த வருஷம்தான் பெய்ஜிங் டக்ஸ் அணி சீன லீக் கோப்பையை முதன்முதலாக வென்றது. கடைசி ஆட்டத்தில் மார்பரி ஒருவரே 41 புள்ளிகள். 2014-லும் 2015-லும் மறுபடி கோப்பை. ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது, பெய்ஜிங் நகரம் கௌரவக் குடிமகன் பட்டமும் கொடுத்தது.

கேள்வி: என் தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான், கூடைப்பந்து என்றால் உயிர். விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போனான், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமாகப் பந்தைத் தொடவில்லை. மார்பரி கதையை அவனுக்கு எப்படிச் சொல்வது? (வாசகர், பாலக்கோடு)

பதில்: சிலையில் ஆரம்பிக்காதீர்கள். சிலையைப் பற்றிச் சொன்னால் "அவர் பெரிய ஆளு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். முதலில் உயரத்தைச் சொல்லுங்கள். மார்பரி 6 அடி 2 அங்குலம், நமக்கு அது பெரிய உயரம்தான், ஆனால் ஏழடிக்காரர்கள் நிற்கும் என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அவர் குள்ளம். பந்தை வாங்கி, நாலு பேரைத் தாண்டி, யாருக்குக் கொடுத்தால் கூடையில் விழும் என்று நொடியில் முடிவெடுக்கிற பாயின்ட் கார்டு இடத்தில் ஆடினார். அந்த இடத்துக்கு உயரத்தைவிடக் கண்ணும் கையும்தான் வேலை.

அப்புறம் அவர் விழுந்த கதையைச் சொல்லுங்கள். நியூயார்க்கில் கோனி ஐலண்ட் என்கிற கடலோரப் பகுதி, வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர் ஆறாவது. 1996-ல் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுத்தபோது நான்காவது ஆளாகப் போனார். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுகிற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் இரண்டு முறை தேர்வானவர். அப்படிப்பட்டவர் சொந்த ஊர் அணியிலேயே கோச்சுகளோடு ஒத்துப்போகாமல், 2008-09 சீசனில் 2 கோடி டாலருக்கு மேல் சம்பளம் இருந்தும் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஒதுங்கி நின்றார். பத்திரிகைகள் கிழித்தன. பாஸ்டனில் கொஞ்ச மாதம் ஆடினார், அதோடு அமெரிக்காவில் அவர் ஆட்டம் முடிந்தது.

2010 ஜனவரியில், 32 வயதில், சீனாவின் ஷான்சி மாகாணத்துக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த, குளிர் எலும்பைப் பிடிக்கிற பகுதி. அங்கே அந்த ஒரு சீசனோடு சரி, அடுத்த வருஷம் தெற்கே ஃபோஷான், அதுவும் ஒரே வருஷம். பெய்ஜிங் சீனாவில் அவருக்கு மூன்றாவது அணி! உங்கள் தம்பி கேட்க வேண்டியது இந்த இரண்டு வருஷத்தைத்தான். ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், கையில் பணமும் இருந்தது, ஆனாலும் அந்த மனுஷன் அடுத்த ஊருக்குப் பையைத் தூக்கினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

தர்மபுரியில் நான் படித்த காலத்தில் ஒரு சிமெண்ட் கோர்ட் இருந்தது. ரிங்கில் வலை கிடையாது, இரண்டு முடிச்சு மட்டும் தொங்கும். பந்து தேய்ந்து வழவழவென்று கையை விட்டு நழுவும், அதனால் ஓரத்து மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வருவோம். எங்களில் குட்டையாக இருந்த ஒருவன் தினமும் எல்லோரும் போன பிறகு இடது கையால் மட்டும் நூறு லே-அப், அதாவது ஓடிவந்து எம்பிக் கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் பந்து, போடுவான். கல்லூரியில் அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் இடம் கிடைத்தது.

உங்கள் தம்பிக்கும் அந்த வழி இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவில் கூடைப்பந்து உண்டு, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. பெரிய ஆளாக வருவான் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அது எனக்கோ உங்களுக்கோ தெரியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள், இன்று சாயங்காலம் பந்தை எடுத்துக்கொண்டு நீங்களே முதலில் மைதானத்துக்குப் போங்கள். அவனைக் கூப்பிட வேண்டாம். தரையில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டால் வருவான்.

கேள்வி: கல்யாணமாகி ஓசூரிலிருந்து புனேவுக்குப் போகிறேன். மொழி தெரியாது, சொந்தம் யாரும் இல்லை. அந்த ஊர் எப்போது நம் ஊராகும்? உங்கள் மார்பரிக்கு எப்படி ஆனது? (வாசகி, ஓசூர்)

பதில்: நல்ல கேள்விம்மா. மார்பரி பெய்ஜிங்கில் மெட்ரோ ரயிலில் போய்வந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு நின்றபடி. ஊர் ஒட்டிக்கொண்டதற்குக் கோப்பையோடு அந்த ரயில் பயணமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பின்னால்தான் வந்தது. 2018-ல் ஓய்வு பெற்றார், அதற்கு அடுத்த வருஷமே அதே நகரில் வேறொரு அணிக்குக் கோச்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிதில்லை. ஞாயிறு ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கையில் கேழ்வரகு மாவுப் பை இருக்கும். ஆறு மாதத்தில் அவர்களுக்குக் கன்னடம் வந்துவிடுகிறது. ஓசூரில் வளர்ந்த உங்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே பழக்கம், மராத்தியும் வரும். போன முதல் வாரமே தனியாக மளிகைக் கடைக்குப் போய் 'நாச்ணி' என்று கேளுங்கள். நம் கேழ்வரகுதான் அது.